எத்தனை நானோமீட்டர்? எதைக் கொண்டு அளந்தீர்கள்?

(நாகர்கோவிலில், கல்லூரி மாணவர்களுக்கும் பொதுமக்களுக்குமாக நடந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



மேசைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் இருக்கின்றன. ஒன்றில் தண்ணீரும் சில சொட்டு ரப்பர் பாலும். இன்று விடியற்காலையில் வெட்டிய பால். வரும் வழியில் ஒரு தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கினேன். “இவ்வளவு போதுமா சார், எதுக்கு?” என்றார். அளக்க என்றேன். “டிஆர்சியா?” என்று உடனே கேட்டார். பாலில் உலர் ரப்பர் எவ்வளவு என்பதுதான் டிஆர்சி. அதை வைத்துத்தான் அவருக்குப் பணம். அது இல்லை ஐயா, பாலுக்குள் மிதக்கும் ஒவ்வொரு ரப்பர் துகளும் எவ்வளவு பெரிது, என்ன வடிவம் என்று பார்க்க என்றேன். சிரித்துவிட்டு, “அதை அளந்தா யாருக்கு சார் காசு?” என்று கேட்டார். நல்ல கேள்வி. பதிலைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது டம்ளரில் திருப்பூரில் பனியன் துணியில் படம் அச்சடிக்கப் பயன்படுத்தும் பைண்டர் சில சொட்டு விட்டிருக்கிறேன். அக்ரிலிக் பாலிமர். பள்ளிப் புத்தகத்தில் பலபடி என்று படித்திருப்பீர்கள். எனக்குப் பாலிமர் என்றே வாயில் வருகிறது, மன்னியுங்கள். ரப்பர் பாலை மரம் செய்கிறது, பைண்டரை ஆலை செய்கிறது. ஆனால் அமைப்பு ஒன்றுதான். தண்ணீரில் கரையாத பாலிமர், நுண்ணிய உருண்டைகளாகி, ஒன்றையொன்று ஒட்டாமல் தண்ணீரில் மிதக்கிறது. பைண்டரில் ஓர் உருண்டையின் விட்டம் பொதுவாக 100 முதல் 200 நானோமீட்டர். ரப்பர் பாலில் 100 நானோமீட்டர் குஞ்சும் இருக்கும், அதைப்போல் இருபது மடங்கு தடித்ததும் இருக்கும். ஒப்பிட வேண்டுமென்றால், நம் தலைமுடியின் குறுக்களவு ஏறக்குறைய 80,000 நானோமீட்டர்.

கோலிக்குண்டை வெர்னியரில் பிடித்தால் விட்டம் வந்துவிடுகிறது. இதை எப்படிப் பிடிப்பது? ஒளி நுண்ணோக்கி உதவாது. ஒளியின் அலைநீளத்தில் பாதிக்கும் கீழே போனால் உருவம் குழம்பிவிடும் என்று எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே கணக்குப் போட்டுவிட்டார். சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே இருப்பது வெறும் ஒளிப்புள்ளியாகத்தான் தெரியும். உருண்டையா, நீளமா, சப்பையா என்று சொல்ல முடியாது.

இந்தச் சிக்கலோடு முதலில் மல்லுக்கட்டியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பாரிஸைச் சேர்ந்த ழான் பெரேன். 1908 வாக்கில் அணுக்கள் உண்மையிலேயே இருக்கின்றன என்று நிரூபிக்கக் கிளம்பினார். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது ஒரே அளவுள்ள துகள்கள். எடுத்துக்கொண்ட பொருள் காம்போஜ் என்ற மஞ்சள் மரப்பிசின். ஓவியர்கள் வண்ணமாகத் தீட்டுவது. நாம் மீன்குழம்பில் போடும் கொடம்புளி இருக்கிறதே, அதன் இனத்து மரத்தில் வடிவதுதான் அது. பிசினைத் தண்ணீரில் கையால் தேய்த்தால் மஞ்சள் பால் கிடைக்கும்; அதில் எல்லா அளவிலும் உருண்டைகள். பெரேன் அதைச் சுழற்றிச் சுழற்றிப் பெரியதையும் சிறியதையும் பிரித்துக்கொண்டே இருந்தார். ஒரு கிலோ பிசினில் தொடங்கி, பல மாதம் உழைத்து, கடைசியில் கிடைத்தது ஒரு கிராமுக்கும் குறைவு. நெல்லைத் தூற்றி, சலித்து, கடைசியில் ஒரு கைப்பிடி விதைநெல் தேறியதுபோல.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் இன்றைய பேச்சுக்கு முக்கியம். அந்த உருண்டைகளின் ஆரத்தை ஒரு வழியில் அளந்துவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கவில்லை. மூன்று வழிகளில் அளந்தார். காயும்போது உருண்டைகள் வரிசையாக ஒட்டி நிற்கும். வரிசையின் நீளத்தை அளந்து எண்ணிக்கையால் வகுத்தார். தண்ணீரில் அவை எவ்வளவு வேகமாக அடியில் இறங்குகின்றன என்று பார்த்து ஸ்டோக்ஸ் விதியால் கணக்கிட்டார். எடை தெரிந்த பொருளில் எத்தனை உருண்டைகள் என்று எண்ணி, ஒன்றின் எடையைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஆரத்தைப் பெற்றார். மூன்றும் ஒத்துவந்த பிறகுதான் மேற்கொண்டு போனார். 1926 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு தந்தார்கள். அதே மேடையில் வேதியியலுக்கு நின்றவர்கள் சிக்மோண்டியும் ஸ்வெட்பெர்கும். இருவருமே இதே போன்ற மிதவைத் துகள்களை ஆராய்ந்தவர்கள். அந்த மாலை முழுக்க நுண்துகள்காரர்களின் கல்யாணம்.

இன்று பெரேன்போல மாதக்கணக்கில் யாரும் உட்காருவதில்லை. டிஎல்எஸ் என்றொரு பெட்டி இருக்கிறது. ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் கலக்கி, க்யூவெட் என்ற சின்னக் குப்பியில் ஊற்றி, மூடியைச் சாத்திப் பொத்தானை அழுத்தினால் இரண்டு மூன்று நிமிடத்தில் திரையில் ஓர் எண் வரும். 143.2 நானோமீட்டர் என்று தசம புள்ளியோடு. தசம புள்ளியைப் பார்த்தவுடன் நமக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அங்கேதான் வில்லங்கம்.

அந்தப் பெட்டி துகளைப் பார்க்கவே இல்லை. மினுமினுப்பைப் பார்க்கிறது. லேசர் கதிரைத் தண்ணீருக்குள் விட்டால் ஒவ்வொரு துகளும் கொஞ்சம் ஒளியைச் சிதறவைக்கும். துகள்கள் சும்மா நிற்பதில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துத் தள்ள, ஆடிக்கொண்டே இருக்கும். 100 நானோமீட்டர் உருண்டை ஒரு நொடியில் சராசரியாக 3 மைக்ரோமீட்டர், அதாவது தன் விட்டத்தைப்போல் 30 மடங்கு, இடம் மாறிவிடும். அந்த ஆட்டத்தால் சிதறிய ஒளி மினுக்குகிறது. சின்னத் துகள் வேகமாக ஆடும், மினுக்கல் படபடக்கும். பெரிய துகள் மெதுவாக ஆடும், மினுக்கலும் நிதானமாக இருக்கும். மினுக்கலின் வேகத்திலிருந்து ஆட்டத்தின் வேகம். அதிலிருந்து, ஐன்ஸ்டைன் 1905-இல் தந்த கணக்கின் வழியாக, விட்டம். 1964-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கம்மின்ஸும் கூட்டாளிகளும் லேசரைக் கொண்டு இதை முதலில் செய்து காட்டியபோது தண்ணீரில் போட்டதும் பாலிமர் உருண்டைகளைத்தான், பாலிஸ்டைரீன்.

இதில் எத்தனை ஓட்டைகள் என்று பாருங்கள். தண்ணீரின் குழகுழப்பு, அதாவது பாகுநிலை, கணக்கில் வருகிறது. அது வெப்பநிலைக்கு வெப்பநிலை மாறும். 20 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 25 டிகிரி என்று பெட்டியிடம் சொல்லிவிட்டால், 100 நானோமீட்டர் துகள் 114 நானோமீட்டராகக் காட்டும். குளிர்சாதன அறையிலிருந்து க்யூவெட்டை எடுத்துவந்து உடனே செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடம் பொறுக்க மாட்டார்கள். இன்னொன்று, துகளின்மேல் மின்னூட்டம் இருக்கிறது. சுத்தமான தண்ணீரில் அதைச் சுற்றி ஓர் அயனிப் போர்வை விரிந்து, ஆட்டத்தைத் தாமதப்படுத்தி, துகளைச் சில நானோமீட்டர் பெரிதாகக் காட்டும். ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் போர்வை சுருங்கும். அதிகம் போட்டால் துகள்களே திரிந்துவிடும். பாலில் ஆசிட் விட்டால் ரப்பர் உறைவதைத் தினமும் பார்ப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பெரிய ஓட்டை வேறொன்று. சிறு துகள்கள் சிதறவைக்கும் ஒளி, விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். விட்டம் இரட்டித்தால் ஒளி 64 மடங்கு. பத்து மடங்கானால் பத்து லட்சம் மடங்கு. கல்யாண வீட்டில் எத்தனை பேர் என்று சத்தத்தை வைத்துக் கணக்கிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தவில்காரர் போதும், பந்தியில் உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேரும் கணக்கில் இல்லாமல் போவார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. மாணவர்கள் தாளை எடுங்கள். 99 துகள்கள் 50 நானோமீட்டர். ஒரே ஒரு துகள் 200 நானோமீட்டர். தலையெண்ணிச் சராசரி எடுத்தால் 51.5 வரும். அதே கலவையை டிஎல்எஸ் பெட்டியில் வைத்தால் 187-க்குப் பக்கத்தில் காட்டும். இரண்டு எண்ணிலும் தப்பில்லை, இரண்டு கருவியிலும் கோளாறில்லை. ஒன்று தலையை எண்ணியது, மற்றது வெளிச்சத்தை எண்ணியது. வெளிச்சத்தில் 97 சதவீதத்துக்கும் மேல் அந்த ஒற்றைத் தடியனுடையது. க்யூவெட்டில் ஒரு தூசி விழுந்தால் என்ன ஆகும் என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, நேரில் பார்த்துவிட்டால் போகிறது, எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கிறதே என்பீர்கள். ஆய்வகத்தில் அதை டெம் என்போம். அதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன்.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஓர் அக்ரிலிக் பால் தயாரித்தேன். டிஎல்எஸ்ஸில் 150 நானோமீட்டர் சொச்சம். ஒரு சொட்டை வலைத்தட்டில் வைத்து, காயவிட்டு, டெம்மில் பார்த்தால் 220, 230 என்று வட்ட வட்டமாக இருக்கிறது. நிழலைக் கணக்கிட்டுப் பார்த்தேன். உயரமே இல்லை, தட்டை. தூக்கம் போய்விட்டது. நான் தட்டு வடிவ நானோ துகளைச் செய்துவிட்டேன் என்று நாலு பக்கம் எழுதி, மறுநாள் காலையில் வழிகாட்டியின் மேசையில் வைத்தேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதில் ப்யூட்டைல் அக்ரிலேட் எவ்வளவு தம்பி?” என்றார். பாதிக்கு மேல் என்றேன். “அறை வெப்பத்திலேயே அது மெழுகைவிட இளகினது. தண்ணி காய்ந்ததும் தட்டில் ஊற்றின தோசை மாவு மாதிரிப் பரவிடும். நீ துகளைப் பார்க்கலை, அது படுத்துக்கிட்ட இடத்தைப் பார்த்திருக்கே.” நாலு பக்கத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, டீ சொல்லியிருக்கிறேன், குடித்துவிட்டுப் போ என்றார். இன்றுவரை அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வெட்கம் என்னுடையதுதான், ஆனால் பாலிமரின் சங்கடமும் அதில் இருக்கிறது. தங்கத் துகளோ மணல் துகளோ இப்படிச் செய்யாது. பாலிமர் இளகும், பரவும், எலக்ட்ரான் கதிர் பட்டால் சில வகைகள் சுருங்கும். அக்ரிலிக் கண்ணாடி செய்யும் பாலிமர் இதில் பேர்போனது. அதோடு பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்போன்ற லேசான அணுக்கள் என்பதால் படத்தில் நிழல்போல மங்கலாகத்தான் விழும். யுரேனியம் உப்பு, ஆஸ்மியம் ஆக்சைடு என்று ஏதாவது கனமான சாயம் ஏற்றினால்தான் எடுப்பாகத் தெரியும். சாயம் ஏற்றிய பிறகு அளப்பது துகளையா சாயத்தையா என்ற அடுத்த கேள்வி வந்துவிடும்.

இதற்குத் தீர்வு வந்தது 1980களில். ஜாக் துபோஷே என்ற சுவிஸ் அறிஞர், தண்ணீரைப் பனிக்கட்டிப் படிகமாகவிடாமல் கண்ணாடிபோல உறையவைக்க வழி கண்டார். மெல்லிய தண்ணீர்ப் படலத்தைத் திரவ ஈத்தேனுக்குள் சட்டென்று முக்கிவிட வேண்டும். உள்ளே மிதந்த துகள் பரவவும் நேரமில்லாமல், சுருங்கவும் நேரமில்லாமல், இருந்த கோலத்தில் அப்படியே நின்றுவிடும். 2017-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. என் அக்ரிலிக்கை இப்படிப் பார்த்திருந்தால் உருண்டையாகவே இருந்திருக்கும். ஆனால் கருவி விலை கோடிகளில். கிடைக்கும் இடத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும்.

அணுவிசை நுண்ணோக்கி என்று இன்னொன்று. கூர்மையான ஊசிமுனையால் பரப்பைத் தடவிப் பார்ப்பது. ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: உயரத்தை நம்புங்கள், அகலத்தை நம்பாதீர்கள். 20 நானோமீட்டர் உருண்டையை 10 நானோமீட்டர் ஆரமுள்ள முனையால் தடவினால் உயரம் 20 என்று சரியாக வரும். அகலம் 40 என்று காட்டும். ஊசியின் தடிமன் அதில் சேர்ந்துவிடுகிறது.

அப்படியானால் எந்த எண்ணை நம்புவது? அளவுகோலையே சரிபார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். அது கிடைத்த கதை தற்செயலானது. 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டவ் கெமிக்கல் நிறுவனம் செய்த ஒரு பாலிஸ்டைரீன் பாலை, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். உருண்டைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தன. யாரும் அப்படித் திட்டமிட்டுச் செய்யவில்லை. உடனே உலகம் முழுக்க நுண்ணோக்கிக்காரர்கள் அந்தப் பாலைக் கேட்டு வாங்கித் தங்கள் படத்தோடு சேர்த்து வைத்து அளக்கத் தொடங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த உருண்டையின் விட்டம் எவ்வளவு என்பதிலேயே ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபாடு. படிக்கல்லே பேச்சுவார்த்தைக்கு வந்துவிட்டது.

பெரிய உருண்டை வேண்டும் என்றபோது பூமியின் ஈர்ப்பே குறுக்கே நின்றது. ஸ்டைரீன் தண்ணீரைவிட லேசு, மேலே மிதக்கும். பாலிஸ்டைரீனாக மாறியதும் கனத்துக் கீழே போகும். கலக்கிக்கொண்டே இருந்தால் துகள்கள் மோதிக் கட்டியாகும். லீஹை பல்கலைக்கழகத்தின் ஜான் வாண்டர்ஹாஃப் என்ன செய்தார் தெரியுமா? உலையை விண்வெளி ஓடத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார். அங்கே மேலும் இல்லை, கீழும் இல்லை. அப்படி வளர்ந்த 10 மைக்ரோமீட்டர் உருண்டைகளை அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 1985-இல் விற்பனைக்கு வைத்தது; விண்வெளியில் செய்து பூமியில் விற்ற முதல் சரக்கு அதுதான். பிறகு அதே நிறுவனம் வெளியிட்ட பாலிஸ்டைரீன் உருண்டைகளில் ஒரு வகைக்குச் சான்றளித்த விட்டம் 100.7 நானோமீட்டர். சிலிக்கான் சில்லு செய்யும் ஆலைகள், தூசி தேடும் கருவிகளைச் சரிபார்க்க இதுபோன்ற உருண்டைகளைத்தான் தட்டின்மேல் தூவுகின்றன. தோட்டக்காரர் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் இங்கே கிடைத்துவிட்டது. காசு இவர்களுக்கு.

இனி வடிவம். இதுவரை உருண்டை உருண்டை என்றே சொல்லிவந்தேன். ரப்பர் பால் அதற்குக் கட்டுப்படாது. சிறிய ரப்பர் துகள் உருண்டையாக இருக்கும். முற்றிய மரத்துப் பாலில் வரும் பெரிய துகள்களில் பல பேரிக்காய்போல, ஒரு பக்கம் கூம்பி, ஒரு பக்கம் பருத்திருக்கும். டிஎல்எஸ் பெட்டிக்கு இது தெரியாது. தண்ணீரில் இதே வேகத்தில் ஆடும் உருண்டை ஒன்றின் விட்டத்தைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

ஒளியைக் கொண்டே வடிவத்தையும் கேட்க முடியும். சி.வி.ராமனின் மாணவர் ஆர்.எஸ்.கிருஷ்ணன், 1930களில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில், மிதவைத் துகள்கள் சிதறவைக்கும் ஒளியின் அதிர்வுத் திசை எப்படிக் கலைகிறது என்று அளந்து, அதிலிருந்து துகளின் அளவையும் வடிவத்தையும் பற்றி முடிவுக்கு வர வழி காட்டினார். கிருஷ்ணன் விளைவு என்று அதற்குப் பெயரும் வந்தது. நம் வத்திராயிருப்பு இயற்பியலாளர் கே.எஸ்.கிருஷ்ணன் வேறு, இவர் வேறு. இருவரையும் ஒன்றாக்கி எழுதிய கட்டுரைகளைப் படித்து நொந்திருக்கிறேன்.

இன்னொரு வழி, இரண்டு ஆரங்களை ஒப்பிடுவது. பல கோணங்களில் சிதறும் ஒளியின் அளவிலிருந்து, துகளின் எடை மையத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று ஓர் ஆரம் வரும். ஆட்டத்திலிருந்து இன்னொன்று வரும். முன்னதைப் பின்னதால் வகுத்தால், கெட்டியான உருண்டைக்கு 0.775. உள்ளே காலியான மெல்லிய ஓட்டுக்கு 1. நீண்ட குச்சிக்கு 2-க்கும் மேல். கண்ணால் பார்க்காமல், தட்டிப் பார்த்தே தேங்காய் முற்றலா இளசா என்று சொல்லும் கடைக்காரரின் வித்தை இது.

வடிவத்தை அறிந்து என்ன செய்யப்போகிறோம்? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் ஜூலி சாம்பியனும் சமீர் மித்ரகோத்ரியும் பாலிஸ்டைரீன் உருண்டைகளை ஒரு பாலிமர் படலத்துக்குள் பதித்து, சூடாக்கி இளக்கி, படலத்தை இழுத்து நீட்டி, முட்டை, குச்சி, தட்டு என்று இருபதுக்கும் மேற்பட்ட வடிவங்களைச் செய்தார்கள். உடலுக்குள் வரும் அந்நியப் பொருளை விழுங்கும் செல்களிடம் அவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை மைக்ரோமீட்டர் அளவுத் துகள்கள்தான். நீளமான துகளின் கூர்முனை செல்லின்மேல் பட்டால் சில நிமிடங்களில் விழுங்கியது. அதே துகளின் தட்டைப் பக்கம் பட்டால் விழுங்க முடியாமல் அதன்மேல் பரவிக் கிடந்தது. 2007-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் டிஷர் குழு, புழுபோல நீண்ட பாலிமர் இழைகளை எலிகளின் ரத்தத்தில் செலுத்தியது. அவை ஒரு வாரம்வரை சுற்றிவந்தன. உருண்டைகளைப்போல் பத்து மடங்கு நேரம். மருந்தை ஏற்றி அனுப்ப நினைப்பவருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்று யோசியுங்கள். அளவு மட்டும் எழுதி வடிவத்தை எழுதாத அறிக்கையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிராஜெக்ட் அறிக்கையில் துகளின் அளவு இத்தனை நானோமீட்டர் என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்தக் கருவி, ஈரமாகவா காய்ந்தா, எத்தனை டிகிரியில், எந்தச் சராசரி, டெம் என்றால் எத்தனை துகளை எண்ணினீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள். இருபது துகளை எண்ணிவிட்டு வரைபடம் போடாதீர்கள். சில நூறாவது எண்ணுங்கள், அழகாக இருப்பதை மட்டும் பொறுக்காதீர்கள். இரண்டு கருவி இரண்டு எண் தந்தால் ஒன்றை மறைக்காதீர்கள். அந்த வித்தியாசத்தில்தான் உங்கள் துகள் இளகலா, கட்டியாகியிருக்கிறதா என்ற சேதி இருக்கிறது.

இப்போது விளக்கை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். வரிசையாக வாருங்கள், செல்போன் டார்ச் போதும். பைண்டர் டம்ளரில் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் லேசான நீலம் தெரியும். டம்ளருக்கு அப்புறமிருந்து டார்ச்சைப் பார்த்தால் மஞ்சளோ ஆரஞ்சோ. அலைநீளத்தைவிடச் சிறிய துகள் நீலத்தைத்தான் அதிகம் சிதறவைக்கும். பால் கண்ணாடியில் வழியும் ஓரத்தில் நீலம் அடிக்கிறதா என்று பார்த்தே துகள் பொடிசா பருமனா என்று சொல்லிவிடும் ஆலைக்காரர்கள் இருக்கிறார்கள். ரப்பர் பால் டம்ளரில் அந்த நீலத்தைத் தேடாதீர்கள், பெரிய துகள்கள் வெள்ளையடித்து மறைத்துவிடும். ஏன் என்று உங்களுக்கே இப்போது தெரியும். தொட்டுப் பார்க்கிறவர்கள் கையை உடனே துடைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பால் சட்டையில் பட்டால் கறை போகாது.